கொழும்புக்குப் போவதா, கிளிநொச்சியில் இருந்தே வேலை செய்வதா?

கிளிநொச்சி அறிவியல் நகர்க் கம்பஸில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்தவர்கள், வவுனியா பம்பைமடுக் கம்பஸில் ஐடி முடித்தவர்கள், எங்கேயாவது இரண்டு மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அண்ணை, கொழும்புக்குப் போறதோ, இல்லாட்டி வீட்டில இருந்தே ரிமோட் பாக்கிறதோ?" கேட்கும்போதே கையில் இரண்டு சம்பளத் தொகை இருக்கும். எது கூட என்று பார்த்து முக்கால்வாசி முடிவையும் எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. எந்த வேலையில் இருந்தால் உனக்கு நேரம் போவது தெரியாது? நீ எழுதுகிற நிரலை (கோட்) யார் வாசிக்கப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஊரைத் தெரிவுசெய்ய ஏலாது என்பது என் கட்சி.

என் சார்பையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் கொழும்பில் பேக்எண்ட் வேலை (திரைக்குப் பின்னால் ஓடுகிற சேர்வர், டேட்டாபேஸ் பக்கம்) பார்த்துவிட்டு, இப்போது கிளிநொச்சியில் வீட்டு முன்னறையில் இருந்து வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அதனால் இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிறேன் என்று பாசாங்கு செய்யப்போவதில்லை.

முதலில் வீட்டில் அம்மா அப்பா சொல்லும் வழியைப் பார்த்துவிடுவோம். அரச உத்தியோகம். ஐசிடி ஆசிரியர், ஏதாவது திணைக்களத்தில் ஐடி பிரிவு. ஓய்வூதியம் உண்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம், கலியாணப் பேச்சில் மதிப்பும் கூட. படிப்பிப்பதில் உண்மையான விருப்பம் இருந்தால் தாராளமாகப் போங்கள், வன்னிப் பாடசாலைகளுக்கு நல்ல ஐசிடி ஆசிரியர்கள் வேண்டும்தான். ஆனால் "கொஞ்ச நாள் அங்கே இருந்துகொண்டு பக்கத்தில் மென்பொருளும் எழுதுவேன்" என்ற கதையை நான் நம்புவதில்லை. நாலு வருடம் கழித்து நேர்முகத்துக்குப் போகும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

சரி, காசுக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் கணக்கு அடிக்கடி பிழைக்கிறது. கொழும்பில் ஒரு கொம்பனி அடிப்படைச் சம்பளம் 200,000 என்கிறது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் அதே 200,000க்குச் சரியான டொலர் தருகிறேன் என்கிறார் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கொழும்புக் கொம்பனி அந்த 200,000க்கு மேலே 12 வீதம் இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீதம் இடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்ட வேண்டும். மாதம் 30,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் இருந்து 8 வீதம் பிடிப்பார்கள்தான், அதுவும் உங்கள் பெயரில்தான் சேர்கிறது. ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால். மருத்துவக் காப்புறுதி, சம்பளத்தோடு லீவு எல்லாம் தனி. ஒப்பந்தக்காரருக்கு இதில் ஒன்றும் கிடையாது. காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்தால் அந்தக் கிழமைக் காசு இல்லை. அதனால் ரிமோட் தொகை கொழும்புத் தொகையைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கூட இருந்தால்தான் நான் இரண்டையும் சமம் என்பேன். இதில் கொழும்பு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இன்னும் வரவில்லை. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு அறையைப் பகிர்ந்து இருந்தாலும் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு போய்விடும், கிளிநொச்சியில் அம்மாவின் சமையலுக்கு யாரும் பில் தருவதில்லை.

வரியில் ரிமோட்காரருக்குக் கொஞ்சம் வாசி உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் உள்ளூர்ச் சம்பளத்துக்கு வீதம் படிப்படியாக ஏறி 36 வரை போகும். வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கி மூலம் வெளிநாட்டு நாணயமாக வந்த காசு என்றால் ஆகக்கூடியது 15 வீதம். மாதம் இரண்டு இலட்சம் உழைக்கும்போது இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை, ஏழு எட்டு இலட்சத்துக்குப் போனால் நன்றாகவே தெரியும். ஆனால் வங்கி மூலம் வர வேண்டும், விலைச்சிட்டை எழுதி வைக்க வேண்டும், வருட முடிவில் விவரத்திரட்டு நீங்களே சமர்ப்பிக்க வேண்டும். "மாமா கையில் கொண்டுவந்து தருவார்" என்ற ஏற்பாட்டுக்கு இது பொருந்தாது. பிறகு வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் சம்பளப் பட்டியல் எங்கே, கொம்பனிக் கடிதம் எங்கே என்பார்கள். கொழும்பு வேலைக்காரருக்கு அது ஒரு நாள் வேலை. நமக்கு ஒப்பந்தம், வங்கிக் கூற்று, வரிப் பத்திரம் என்று ஒரு கோப்பே வேண்டும்.

டொலர் என்றதும் 2022ஐ நினைத்துத்தான் எல்லாரும் துள்ளுகிறார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் நின்றது மே மாதம் 360ஐத் தொட்டது, டொலரில் சம்பளம் வாங்கியவர்கள் அரசர்கள். அதே டொலர் 2024 கடைசியில் 300க்குக் கீழே இறங்கியபோது அவர்களுடைய ரூபாய் வருமானமும் சேர்ந்துதான் இறங்கியது, சாமான் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதை யாரும் கதைப்பதில்லை.

இனி நான் பெரிதாக நினைக்கிற விஷயம். முதல் மூன்று வருடம்.

ஒரு சின்னக் காட்சி. புதிதாக வந்த ஒருவர் பாவனையாளரை மின்னஞ்சலால் தேடுகிற ஒரு பகுதியை எழுதுகிறார். பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினை வரக்கூடாது என்று தேடும் இடத்தில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுகிறார். நல்ல யோசனைதான். அவருடைய மடிக்கணினியில் சில நூறு பதிவுகள்தான், கண் மூடித் திறக்கும் முன் பதில் வருகிறது. டெஸ்ட் எல்லாம் பச்சை. உண்மையான டேட்டாபேஸில் இருபது இலட்சம் பதிவுகள் இருக்கின்றன, அங்கே பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்து மேசையில் இருக்கிற அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்டெக்ஸ் எதுக்கு மேல போட்டிருக்கு?" இன்டெக்ஸ் என்பது கெதியாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கிற அட்டவணை. அது போட்டிருப்பது மின்னஞ்சல் என்ற பத்திக்கு (கொலம்). ஆனால் தேடுவது மின்னஞ்சலை அல்ல, அதைச் சின்ன எழுத்தாக்கி வந்த மதிப்பை. போஸ்ட்கிரெஸ் என்ற அந்த டேட்டாபேஸுக்கு அந்த இன்டெக்ஸ் உதவாது, இருபது இலட்சத்தையும் வரிசையாகப் படிக்கும். எக்ஸ்பிளெயின் (எப்படித் தேடப்போகிறாய் என்று டேட்டாபேஸிடம் கேட்கிற கட்டளை) போட்டுப் பார்த்தால் திரையிலேயே எழுதியிருக்கும், சீக்குவென்ஷியல் ஸ்கேன் என்று. சின்ன எழுத்தாக்கிய மதிப்புக்கே ஒரு இன்டெக்ஸ் போட்டால் முடிந்தது. ஐந்து நிமிடக் கதை. ஆனால் அந்தத் தம்பிக்கு இனி ஆயுளுக்கும் டேட்டாபேஸுக்கு எந்தக் கேள்வியை எழுதினாலும் முதலில் எக்ஸ்பிளெயின் போடுகிற பழக்கம் வந்துவிடும்.

இதையே ரிமோட்டில் யோசித்துப் பாருங்கள். நல்ல ரீம் (குழு) என்றால் புல் ரிக்குவெஸ்டில் (மாற்றிய கோட் சேர முன் மற்றவர் பார்க்க வைக்கிற இடம்) யாராவது எழுதுவார்கள், நீங்கள் நித்திரையால் எழும்பி வாசிப்பீர்கள், பதில் கேள்வி கேட்பீர்கள், அதற்கு அடுத்த நாள் பதில் வரும். ஐந்து நிமிடம் இரண்டு நாளாகும், ஆனாலும் கற்றுக்கொள்வீர்கள். மோசமான இடம் என்றால் "ஓகே" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பிரச்சினை வந்தபிறகு சேர்வரைப் பெரிதாக்கிச் சமாளிப்பார்கள், அது ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை. ஏஐ கருவிகள் வந்தபிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. கோட் எழுதித் தர இப்போது ஆள் தேவையில்லை, எழுதித் தந்தது எங்கே உடையும் என்று மணக்கிற மூக்குத்தான் வேண்டும், அந்த மூக்கு பக்கத்தில் ஒருவர் இருந்தால் கெதியாக வளரும்.

அதனால் முதல் வேலைக்குக் கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் கொழும்பு. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் விருப்பம் எந்தப் பக்கம் என்பது கணக்கை மாற்றும்.

டேட்டாபேஸ், பெரிய அளவில் ஓடுகிற சேர்வர்கள், மெசேஜ் கியூ, இப்படியான உள்வேலைகளில் விருப்பம் என்றால் கொழும்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். பெரிய சுமையில் ஒரு அமைப்பு எப்படி மூச்சுத் திணறுகிறது என்பதை வீட்டு மடிக்கணினியில் பார்க்க முடியாது. பங்குச்சந்தைகளுக்கான மென்பொருள், விமானப் பராமரிப்பு மென்பொருள், கொம்பனிகளை ஒன்றோடொன்று இணைக்கிற மிடில்வெயார் எல்லாம் கொழும்பில் எழுதப்படுகின்றன. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற கொம்பனி பலெரினா என்று ஒரு நிரல்மொழியையே உருவாக்கி வெளியிட்டது, அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, விஸ்வமடுவில் இருந்தும் வாசிக்கலாம். வாசிப்பது வேறு, அதை எழுதினவர்களோடு தேத்தண்ணி குடிப்பது வேறு.

ஃப்ரண்ட்எண்டும் மொபைல் செயலியும் விருப்பம் என்றால் கதை மாறும். செய்த வேலை திரையில் தெரியும், ஒரு இணைப்பை அனுப்பினால் மற்றவர் பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்லிவிடுவார். இதில் வீட்டில் இருந்தே வளர்ந்தவர்களைப் பார்க்கிறேன். ஆனால் போட்டியும் இங்கேதான் ஆகக் கூட, ஏஐ முதலில் கை வைத்ததும் இங்கேதான்.

எம்பெடட் (கருவிக்குள் வைக்கிற சின்னக் கணினி), சென்சர் பக்கம் போகிறவர்களுக்கு வன்னி ஒரு ஆசையைக் காட்டும். இரணைமடு வாய்க்கால் நீர்மட்டத்தை அளக்கலாம், வயலில் ஈரப்பதம் பார்க்கலாம், யானை வந்தால் மணி அடிக்கலாம், கம்பஸ் கடைசி வருடப் புரொஜெக்ட் எல்லாம் இதுதான். அருமையான புரொஜெக்ட்கள், நானே இரண்டொன்றைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அதை வாங்க யார் காசு தருவார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். போர்டு உடைந்தால் மாற்றுச் சாமான் கொழும்பில் இருந்தோ சீனாவில் இருந்தோ வர வேண்டும், கருவிகள் கம்பஸ் ஆய்வுகூடத்தில்தான் இருக்கின்றன. இந்த விருப்பத்தை வேலையாக்க வேண்டும் என்றால் வெளிநாட்டில் முதுகலை என்ற வழியையும் கூட வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விருப்பம் இருக்கிறது, யாரும் அதைத் தொழிலாக எண்ணுவதில்லை. தமிழ்க் கணிமை. "கிளிநொச்சி" என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால், எழுத்தையும் அதோடு ஒட்டுகிற குறியையும் தனித்தனியாக எண்ணி 10 என்று சொல்லும், யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்தால் 30 பைட். அதில் வரும் "நொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். இரண்டாவது விதத்தில் நீளம் 11. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று, கணினிக்கு வேறு வேறு. படிவத்தில் ஒருவர் ஒரு விதமாகத் தட்டி, தேடுகிறவர் மற்ற விதமாகத் தட்டினால் அப்படி ஒரு ஊரே இல்லை என்று பதில் வரும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யுனிகோட் நோர்மலைசேஷன் (இரண்டையும் ஒரே விதமாக்குவது) செய்தால் தீர்ந்துவிடுகிற பிரச்சினை, செய்யாத இடங்கள்தான் கூட. இதைப் புரிந்தவர்கள் குறைவு என்பதுதான் இதன் பெறுமதி. 2005இல் தொடங்கிய "நூலகம்" போன்ற எண்ணிம நூலகத் திட்டங்கள், தமிழ் எழுத்துணரி, பேச்சுணரி, இவற்றில் எல்லாம் வேலை குவிந்து கிடக்கிறது. முழுநேரச் சம்பளம் இதில் மட்டும் கிடைப்பது கடினம். ஆனால் திறந்த மூலத்தில் இப்படி நாலு பங்களிப்பு இருந்தால் ரிமோட் வேலைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை, எந்த நாட்டுக்காரரும் திறந்து பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு, முல்லைத்தீவுக் கரையே அள்ளுண்டு போன அந்த நாட்களில், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சகானா என்ற மென்பொருள் பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது. அப்படியான வேலைக்கு ஒருவரும் ஊர் கேட்பதில்லை.

இனி வீட்டு மேசையின் உண்மை நிலவரம். நெட்டும் கரண்டும் முன்னைப்போல இல்லை, நல்லாகத்தான் இருக்கிறது. டவுனில் பைபர் உண்டு, பைபர் வராத ஊர்களுக்கு 2025 ஜூலையில் இருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ், போனில் வேறு கொம்பனி சிம்மில் டேட்டா, இந்த இரண்டும் இல்லாமல் ரிமோட் வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உபநிலையத்துக்குள் புகுந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. வெளிநாட்டுக்காரருக்கு அதை உண்மை என்று நம்பவைப்பதே ஒரு மீற்றிங்.

நேரம்தான் பலர் எண்ணிப் பார்க்காத செலவு. லண்டன் என்றால் சுகம், அவர்களுடைய காலை ஒன்பது நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை, மாரியில் இரண்டரை. ரொறன்ரோவின் காலை ஒன்பது நமக்குப் பின்னேரம் ஆறரையோ ஏழரையோ, வேலை முடியச் சாமம் தாண்டும். சிட்னிக்காரரோடு காலை ஒன்பதுக்கு மீற்றிங் என்றால் நமக்கு விடிய நாலரை, அவர்களின் கோடையில் மூன்றரை. கலியாணவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாம் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இரவு முழுக்க வேலை செய்வது லேசில்லை, பகலில் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்றுதான் அயலட்டை நினைக்கும். "தம்பி வீட்டிலதானே நிக்கிறார், ஒருக்கா கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

புலம்பெயர்ந்த நம்மவர்களின் கொம்பனிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பாசத்தில் இங்கே உள்ள பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், முறையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் ஒப்பந்தம் எழுதாமல் தொடங்கிவிடுவார்கள், "நீ நம்ம பிள்ளை" என்ற சொல்லே ஒப்பந்தமாகிவிடும். சம்பளம் இரண்டு மாதம் பிந்தினால் கேட்க வாய் வராது, கேட்டால் அப்பாவுக்குக் கதை போகும். ரீமிலும் நீங்கள் ஒருவர்தான், மேலே கோட் வாசிக்க ஆள் இல்லை. பேபால் வேண்டாம், நம் நாட்டில் அதில் காசு அனுப்பலாமே தவிர வாங்குகிற வசதி நெடுங்காலம் இருந்ததில்லை. வங்கிக்கு நேரே, மாதத்தில் இன்ன திகதிக்கு, இன்ன நாணயத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயம் எழுதுங்கள்.

கொழும்பின் கஷ்டங்களையும் மறைக்கக்கூடாது. கோட் ஆங்கிலத்தில், மீற்றிங் ஆங்கிலத்தில், ஆனால் சிரிப்பும் முசுப்பாத்தியும் சிங்களத்தில். வன்னியில் படித்த நமக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும், அந்தச் சிரிப்புக்கு வெளியே ஆறு மாதம் நிற்க வேண்டியிருக்கும். அடுத்த வேலை, சம்பள உயர்வு, எந்த ரீம் நல்லது என்ற தகவல் எல்லாம் அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் கைமாறுகிறது. பேச்சுச் சிங்களம் படிப்பதை நான் ஒரு நிரல்மொழி படிப்பதற்குச் சமமாக வைப்பேன், பல சமயம் அதற்கு மேலாகவே.

பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு இன்னும் சிக்கல். கம்பஸில் முதல் வரிசையில் நின்றவர்களையே "கொழும்பில தனிய எங்க நிப்பா" என்று வீட்டில் மறித்துவிடுகிறார்கள், அப்புறம் கிடைத்த ரிமோட் டெஸ்டிங் வேலையில் போய் நின்றுவிடுகிறார்கள். டெஸ்டிங் கெட்ட வேலை இல்லை, ஆனால் கோட் எழுத விரும்புகிறவர் அதற்குள் போனால் திரும்பி வருவது பாடு. வீட்டாரோடு பேசும்போது "கொழும்புக்குப் போகப்போறேன்" என்பதற்குப் பதிலாக "இரண்டு வருடம்" என்று காலத்தை வைத்துப் பேசினால் வழி பிறக்கிறது, நான் கண்டது அது. 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தபிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவது ஒரு பெரிய பயணமும் இல்லை. கிழமையில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஒபிசுக்கு வரச்சொல்கிற கொம்பனிகளும் உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காணி விற்று முதுகலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிரித்தானியாவில் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 2025 ஜூலையில் 41,700 பவுண்ஸ் ஆகிவிட்டது. அனுபவம் இல்லாமல் போய் அங்கே முதல் வேலை தேடுவதைவிட, மூன்று வருட வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

ஆக என் வரிசை இது. அனுபவம் இல்லை என்றால் கொழும்பு, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். மூன்று வருடம் முடிந்து, தனியாக ஒரு பகுதியைப் பொறுப்பெடுத்துச் செய்ய முடிகிறது என்றால் ரிமோட், அதுவும் லண்டன் நேரத்துக்குக் கிட்டவாக. வீட்டு நிலைமை விடாது, இப்போதே ரிமோட்தான் என்றால் ஊரையும் டொலரையும் விட்டுவிட்டு நேர்முகத்தில் மூன்றைக் கேளுங்கள். என் புல் ரிக்குவெஸ்டை யார் பார்ப்பார், அவருக்கு எத்தனை வருட அனுபவம்? கடைசியாக உங்கள் சேர்வர் விழுந்தபோது என்ன நடந்தது, அதைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு ஏதும் உண்டா? என்னைப்போல வேறு நாட்டில் இருந்து வேலை செய்கிறவர் ஒருவரோடு பத்து நிமிடம் கதைக்கலாமா? மூன்றுக்கும் நேரான பதில் தருகிற இடம் சம்பளம் குறைவாகத் தந்தாலும் யோசிக்கலாம். மூன்றாவதுக்கு மழுப்பினால் அங்கே போகவே வேண்டாம்.